இட்டேரிக்கு ஒரு ஜிப்ஸி: வாங்கி ஓட்டியவன் சொல்வது

இரவு பதினோரு மணிக்கு மேல், வீட்டில் எல்லோரும் தூங்கியபின், போனில் பழைய ஜீப் விளம்பரம் பார்க்கும் ஆசாமிகளுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பழக்கம் இல்லாதவர்கள் நல்லபடியாக ஒரு கார் வாங்கி ஏ.சி. போட்டுக்கொண்டு போய்ச் சேருங்கள், உங்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. எனக்கு அந்த வியாதி 2019 வாக்கில் பிடித்தது. மாருதி ஜிப்ஸி உற்பத்தியை நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்த சமயம். அதுவரை அது ரோட்டில் ஓடும் ஒரு வண்டி, அவ்வளவுதான். மந்திரி காருக்கு முன்னால் சைரனோடு போகும், ராணுவ லாரிகளுக்கு நடுவே பச்சையாகப் போகும், வேண்டுமென்றால் எப்போதும் வாங்கிக்கொள்ளலாம் என்ற நினைப்பிலேயே யாரும் வாங்காமல் இருந்தோம். இனி கிடைக்காது என்றதும் அது இல்லாமல் பிழைக்க முடியாது போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. நாலு வருடம் விளம்பரம் மட்டும் பார்த்தேன். 2023 ஆடி மாதம் வாங்கினேன். ஆடியில் யாராவது வண்டி வாங்குவாங்களா என்று அம்மா கேட்டார். அதனால்தான் பத்தாயிரம் குறைந்தது என்றேன்.

என்னுடையது 2005 கடைசியில் பதிவான ஜிப்ஸி கிங், எம்.பி.எஃப்.ஐ. இன்ஜின் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் ரகம்), மேலே துணிக்கூரை, வெள்ளை நிறம். ஒரு லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓடியதாக மீட்டர் சொன்னது, நான் அதை நம்பவில்லை. விலை 3,40,000 ரூபாய். "இந்தக் காசுக்கு நாலு கறவை மாடு வாங்கிருக்கலாமுங்க மாப்பிள்ளை" என்றார் மாமனார். அவர் சொன்னது கணக்காகச் சரி. மாடு பாலாவது கொடுத்திருக்கும்.

வண்டியின் பூர்வீகம் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் விளம்பரத்திலேயே ஏமாந்துவிடுவீர்கள். 1985 டிசம்பரில் வந்தபோது அதில் இருந்தது 970 சி.சி. இன்ஜின், 45 குதிரைத்திறன், நாலே கியர். வெளிநாட்டில் சுசுகி விற்ற எஸ்.ஜே.410 வண்டியின் நீளமான வடிவம்தான் இது. 1993இல் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தைக் கூட்டினார்கள். 1996இல் 1,298 சி.சி. இன்ஜினும் 5 கியரும் வைத்து கிங் என்று பெயர் வைத்தார்கள், அது கார்புரேட்டர் வண்டி, 60 குதிரைத்திறன். 2000இல்தான் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, திறன் 80 ஆனது, பிரேக்குக்கு பூஸ்டரும் கிடைத்தது. இதில் விற்பவர்கள் செய்யும் வேலை என்னவென்றால், 'கிங்' என்று பெரிதாகப் போட்டு 98 மாடலைக் காட்டுவார்கள். கிங் என்ற பெயர் இரண்டுக்கும் உண்டு, பொய் சொன்னதாகவும் ஆகாது. கார்புரேட்டர் வண்டி பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் மார்கழிக் காலையில் சோக் இழுத்து உட்கார்ந்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் 2000க்குப் பிந்தைய வண்டியைப் பார்ப்பது நல்லது.

வாங்குவதற்கு முன் ஒன்பது வண்டி பார்த்தேன். ஒன்றில் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு எங்கிருந்தோ ஒரு டீசல் இன்ஜினைப் பொருத்தியிருந்தார்கள், ஆர்.சி.யில் இன்னும் பெட்ரோல் என்றே இருந்தது. அதை மாற்றிக்கொள்ளலாம் சார் என்றார்கள், மாற்றிவிட்டுக் கூப்பிடுங்கள் என்று வந்துவிட்டேன், கூப்பிடவே இல்லை. இன்னொன்று ராணுவ ஏலத்தில் எடுத்ததாம், பச்சை பெயிண்ட் கூட அப்படியே இருந்தது, என் வயிற்றில் பட்டாம்பூச்சி பறந்தது, ஆனால் ஏலக் காகிதம் ஒன்று இருந்தால் ஒன்று இல்லை. டெல்லி வண்டிகள் மலிவாக வரும். அங்கே 15 வருடம் ஆன பெட்ரோல் வண்டியை அப்போது ஓட்ட விடவில்லை, அதனால் தள்ளிவிட்டார்கள். மலிவைப் பார்த்து மயங்குவதற்கு முன் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), மறுபதிவு, இங்கே கட்டவேண்டிய வரி, இவற்றுக்காக ஆர்.டி.ஓ. ஆபீசில் கழியும் காலை நேரங்கள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். மற்றொன்று வண்டியைத் தூக்கி உயர்த்தி, டிராக்டர் போல டயர் போட்டு, முன்னால் இரும்பு பம்பர் கட்டி நின்றது. கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து வண்டி மாறக்கூடாது என்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாகிவிட்டது. அதையெல்லாம் கழற்றி எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி மறுபடி மாட்டும் திறமைசாலிகள் இருக்கிறார்கள். நான் அந்த ரகம் இல்லை.

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு புரோக்கரிடம் என் வண்டியைப் பார்த்தேன். இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம். பொள்ளாச்சியிலிருந்து எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் பின்னாலேயே பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார், அவர் வந்துசேர்வதற்குள் இருபதாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பானெட்டில் என் முகம் தெரிந்தது, அதுதான் காரணம். அவர் வந்து ஒரு வார்த்தை பேசாமல் துண்டை விரித்துக் கீழே படுத்தார். சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், முழுக்கப் பளபளவென்று கருப்பு. நான் பெருமையாகக் காட்டினேன். "அடியில புதுசாக் கருப்பு அடிச்சிருந்தா சந்தோசப்படாதீங்க தம்பி, எதையோ மூடிருக்காங்கன்னு அர்த்தம்" என்று சொல்லிக்கொண்டே டிரைவர் காலடித் தகட்டில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது அந்தப் பக்கம் வந்துவிட்டது. புரோக்கர் வானத்தைப் பார்த்தார். சேசிஸ் மட்டும் தப்பியது, பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மேலோட்டமான துரு, அவ்வளவுதான். தகடு போனால் வெட்டிப் போட்டுக்கொள்ளலாம், சேசிஸ் போனால் வண்டியே போச்சு என்று அண்ணன் சொன்னதை வைத்துத்தான் மீதிப் பணம் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓட்டி வந்த நாற்பது கிலோமீட்டரில் வண்டியைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் தெரிந்துவிட்டது. நாலுவழிச் சாலையில் 65ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் குளிர்ஜுரம் வந்தது போல உதறியது. முன்சக்கரம் திரும்பும் இடத்தில் இருக்கும் கிங்பின் பேரிங் தேய்ந்த பழைய வண்டிகளில் இது சகஜம். 50க்கு இறக்கினால் அடங்கிவிடும். மேல்துணி படபடவென்று அடித்த அடியில் போன் அடித்தது கேட்கவில்லை, வீட்டம்மா ஆறு முறை கூப்பிட்டிருந்தாள். கிணத்துக்கடவு தாண்டியதும் தூறல் ஆரம்பித்தது. துணிக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் அளவெடுத்தாற்போல் என் இடது முட்டியில் சொட்டியது. வாசலில் வந்து நிறுத்தியபோது ஒரு கை மரத்துப்போயிருந்தது, பவர் ஸ்டீயரிங் கிடையாது இல்லையா. வீட்டம்மா சுற்றிவந்து பார்த்தாள். "ஏனுங்க, இதுல ஏ.சி. எங்கீங்க?" என்றாள். பின்னால் திரும்பிப் பார்த்து, "சீட்டு ஏன் பஸ் ஸ்டாப்பு பெஞ்சு மாதிரி எதிரும் புதிருமா இருக்குது?" என்றாள். இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை.

வண்டி எப்படி ஓடும் என்று கேட்பவர்களுக்கு முதலில் கட்டுப்பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) பற்றிச் சொல்லவேண்டும். நாலு சக்கரத்துக்கும் அதுதான், லாரியில் இருக்கிற அதே சங்கதி. அரிவாள் அடிக்க லாரிப்பட்டை இருக்கிறதா என்று பட்டறையில் கேட்பார்களே, அந்த இரும்பின் மேல்தான் உட்கார்ந்து போகிறீர்கள். ஆள் இல்லாமல் தனியாகப் போகும்போது வேகத்தடையில் பின்பக்கம் ஆட்டுக்குட்டி போலத் துள்ளும். நாலு மூட்டை தேங்காய் ஏற்றினால் கொஞ்சம் அடங்கும், அப்போது ஓட்டவே நன்றாக இருக்கும். ஆகவே ஊருக்குப் போகும்போது சும்மாவே இரண்டு மூட்டை போட்டுக்கொண்டு போகிறேன், சொந்தக்காரர்களுக்கு என்மேல் மரியாதை கூடியிருக்கிறது.

தார் ரோட்டில் இவ்வளவு திட்டு வாங்கும் அதே அமைப்பு மண்ணில் இறங்கியதும் வேறு ஆளாகிவிடுகிறது. எங்கள் தோட்டத்துச் சாளைக்கு (வீட்டுக்கு) போகும் இட்டேரி, அதாவது மண்பாதை, மூன்று கிலோமீட்டர். இருபக்கமும் கிளுவை வேலி, நடுவில் டிராக்டர் ஓடி ஓடி இரண்டு பள்ளம், மழைக்காலத்தில் அந்தப் பள்ளத்தில் தவளை கத்தும். காரை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடப்போம். ஐப்பசி மழை பெய்த ஒரு காலையில் முதன்முதலாக ஜிப்ஸியை அதில் விட்டேன். இறங்கி, முன்சக்கரமும் இழுக்கும்படி அவற்றின் ஹப்பைக் கையால் திருகிப் பூட்டினேன் (முந்தைய உரிமையாளர் செய்த ஒரே நல்ல காரியம் நல்ல ஹப் போட்டு வைத்தது), ஏறி உட்கார்ந்து சின்ன லீவரை ஃபோர் லோவுக்கு (நாலு சக்கரமும் மெதுவாக, வலுவோடு இழுக்கும் நிலை) தள்ளினேன், முதல் கியர் போட்டு கிளட்சை விட்டேன், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன். அது பாட்டுக்கு நடந்து போகிறது. உழவு மாடு போவது போல. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கினால் அதே ஆக்ஸிலின் மறுபக்கச் சக்கரம் ஏறுகிறது, வண்டி சாய்கிறது, தண்ணீர் சேசிஸ் வரை வருகிறது, ஒன்றும் கண்டுகொள்ளாமல் போய்க்கொண்டே இருக்கிறது. வேகமுள் அசையவே இல்லை. நான் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன், வேலி ஓரம் எருமை மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருமாதிரி பார்த்தது.

இதற்கெல்லாம் முக்கியக் காரணம் எடை. துணிக்கூரை ஜிப்ஸி ஏறக்குறைய ஒரு டன்தான், இன்றைய மஹிந்திரா தார் ஜீப் ஒன்றரை டன்னைத் தாண்டும். சேற்றில் குதிரைத்திறனால் ஆகிற வேலையைவிட எடை குறைவால் ஆகிற வேலை அதிகம். தரையிலிருந்து 210 மில்லிமீட்டர் உயரம், முன்னும் பின்னும் துருத்தாத உடம்பு, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் முன்சக்கரம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒன்று மட்டும் புதிதாக வாங்குபவர்கள் நினைவில் வைக்கவேண்டும், இது எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இல்லை. சாதாரணமாகப் பின்சக்கரம் மட்டும்தான். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டு வளைத்தால், முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போக, நடுவில் அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள ஒன்றும் இல்லாததால் எல்லாம் முறுக்கிக்கொள்ளும். பங்காளி ஒருவன் கல்யாண மண்டப வாசலில் பந்தாவுக்காக ஃபோர்வீலில் திருப்பினான், வண்டி ஏதோ பிரேக் பிடித்தது போல முனகியது. நல்லவேளை, எதுவும் உடையவில்லை. அதன்பின் சாவி அவன் கைக்குப் போவதில்லை.

வாங்கும்போது என் மனசில் இருந்த படம் வேறு. காடு, மலை, ஆற்றுமணல், ஒரு கூடாரம். அது எதுவும் நடக்கவில்லை, நடக்கவும் செய்யாது. இது யாரும் சொல்லாத விஷயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன், நம் பக்கத்தில் இஷ்டத்துக்கு வண்டி இறக்க இடமே கிடையாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் குற்றம். டாப்சிலிப் போனால் வனத்துறை வண்டியில்தான் சுற்றிக்காட்டுவார்கள், உங்கள் ஜிப்ஸி பார்க்கிங்கில் காய வேண்டியதுதான். அது சரியும் கூட, யானை நடக்கிற வழியில் நமக்கு என்ன சாகசம். ஆற்றில் இறக்கினால் மணல் அள்ள வந்தானோ என்று ஊர்க்காரர்கள் சுற்றிவளைப்பார்கள். இவை போக மிஞ்சுவது யாராவது எஸ்டேட் வைத்திருக்கும் நண்பன், வருடத்துக்கு ஒருமுறை ஆர்வலர்கள் ஏதாவது தனியார் நிலத்தில் கூடும் கூட்டம், அப்புறம் உங்கள் சொந்த இட்டேரி. எனக்கு இட்டேரி இருந்தது. சென்னையில் பிளாட்டில் இருந்துகொண்டு இதை வாங்க நினைக்கும் தம்பிமார்கள் இந்த இடத்தில் ஒரு நிமிடம் யோசிக்கவும். ஓ.எம்.ஆர். சிக்னலில் ஏ.சி. இல்லாமல் மே மாதம் நிற்பதற்கு ஃபோர் லோ உதவாது.

கொழுக்குமலை போகலாம் என்று ஒருமுறை கிளம்பினேன். எஸ்டேட் இருப்பது தேனி மாவட்டத்தில், ஜீப் வழியோ கேரளாவின் சூரியநெல்லியிலிருந்து. அங்கே போனபின்தான் உள்ளூர் டிரிப் ஜீப்பில்தான் ஏறவேண்டும் என்று தெரிந்தது. என் வண்டியைக் கீழே விட்டுவிட்டு, விடியற்காலை நாலு மணிக்குப் பழைய மஹிந்திரா ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். வழியா அது, கல்லைக் கொட்டி வைத்த ஓடை. டிரைவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு கையில் ஸ்டீயரிங், இன்னொரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவரிடம் சீட்டு கட்டிய கதை பேசிக்கொண்டே ஏற்றிவிட்டான். என் ஹப், என் லீவர், நான் படித்து வைத்த கியர் விகிதம் எல்லாம் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டன. அவனுக்கு அது பிழைப்பு, நமக்கு அது விளையாட்டு, இந்த வித்தியாசம் ஓட்டும் கையில் தெரிகிறது.

மலை என்று சொன்னால் வால்பாறைக்கு மட்டும் மாதம் ஒருமுறை போகிறேன். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, நல்ல தார் ரோடு, ஜிப்ஸிக்கு ஒரு வேலையும் இல்லை. தோளுக்குத்தான் வேலை. ஆனால் மேல்துணியைச் சுருட்டிக் கட்டிவிட்டு மூன்றாவது கியரில் முப்பதில் ஏறும்போது, அடுத்த வண்டிகளில் கண்ணாடிக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். 9ஆவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை, வரையாடு ரோட்டோரச் சுவர்மேல் நிற்கும், வண்டியை விட்டு இறங்காமலே பார்க்கலாம். குரங்கும் உங்களை அப்படியே பார்க்கும், பையில் பிஸ்கட் இருந்தால் ஜாக்கிரதை, பூட்டுவதற்குக் கூரை கிடையாது. இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் இரண்டாவது கியரில் இன்ஜினைப் பிடிக்க விட்டு வருவேன்.

இனி காசு. வாங்கின முதல் வருடத்தில் கிங்பின் பேரிங்கும் சீலும், பட்டைக்கு புஷ், ஷேக்கில், கிளட்ச் பிளேட், ரேடியேட்டர் ஹோஸ், காலடித் தகடு வெட்டி வெல்டிங், டிங்கரிங், நாலு டயர், புது மேல்துணி என்று ஒரு லட்சத்துப் பத்தாயிரம் போனது. அதன்பின் வருடத்துக்கு இருபது, இருபத்தைந்தாயிரத்தில் நிற்கிறது. இன்ஜின் மட்டும் இன்றுவரை என்னிடம் ஒரு ரூபாய் கேட்கவில்லை, ஆயிலும் பில்டரும் தவிர. எங்கள் ஊர்ச் சின்னப் பட்டறையிலும் இந்த இன்ஜினுக்குக் கை வைக்கத் தயங்கமாட்டார்கள், இதுதான் இந்த வண்டியின் பெரிய பலம். பாடி சாமான்தான் திண்டாட்டம். கோயம்புத்தூர் உக்கடத்தில் இரண்டு நாள் அலைந்து கிடைக்காத கதவுக் கீலை, சென்னை போனபோது புதுப்பேட்டையில் ஒரு கடையில் பெயர் சொன்னதும் குவியலுக்குள் கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்கள். மைலேஜ் பத்து. மலைக்குப் போனால் எட்டு. டாங்க் 40 லிட்டர், ஆகவே பங்க்காரப் பையனுக்கு என் பெயர் தெரியும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் எங்கும் வந்துவிட்டதால் பழைய பெட்ரோல் ஹோஸ்களை எல்லாம் எடுத்துவிட்டுப் புதிது போட்டுவிட்டேன், இந்த வயசு வண்டி வைத்திருப்பவர்கள் அதை முதலில் செய்யுங்கள், ரப்பர் வெடித்துக் கசிந்தபின் செய்வதற்கு அது தண்ணீர்க் குழாய் இல்லை. 2025 கடைசியில் ஆர்.சி. புதுப்பித்தேன். 20 வருடம் தாண்டிய காருக்குக் கட்டணத்தைப் பத்தாயிரமாக்கிவிட்டார்கள், 15 தாண்டியவற்றுக்கு ஐந்தாயிரம்தான். பசுமை வரி தனி. எஃப்.சி.க்கு முன் இரண்டு நாள் மெக்கானிக் அண்ணன் பட்டறையில் வண்டி படுத்திருந்தது, நானும்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் மழுப்ப விரும்பவில்லை. என் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏ.பி.எஸ். இல்லை, பின்பெஞ்சில் பெல்ட் இல்லை. குறுகலான உயரமான வண்டி, வளைவில் காரை ஓட்டுவது போல ஓட்டினால் கவிழும். என் மகளுக்கு அந்த எதிர்ப்பெஞ்சுதான் உலகத்திலேயே பிடித்த இடம், ஆனால் இட்டேரியைத் தாண்டி அதில் உட்கார அவளுக்கு அனுமதி இல்லை. மெயின் ரோடு வந்ததும் முன்சீட்டு, பெல்ட், அழுகை. குடும்பத்தோடு எங்காவது போவதென்றால் வீட்டில் இருக்கும் பழைய காரில்தான் போகிறோம். அந்தக் கார் இல்லாவிட்டால் நான் இதை வாங்கியிருக்கவே மாட்டேன், நீங்களும் ஒரே வண்டியாக இதை வாங்காதீர்கள்.

வேறு எதுவும் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். மஹிந்திராவின் எம்.எம்.540 ஜீப் பார்த்தேன், பெஜோ டீசல் இன்ஜின், அந்தக் கடகட சத்தத்துக்காகவே வாங்கலாம், ஆனால் சத்தத்தைத் தவிர வேகமாக எதுவும் வராது. ஜோங்கா ஒன்று சேலம் பக்கம் விற்பனைக்கு இருந்தது. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் செய்த வண்டி, நிசான் பேட்ரோலின் வழிவந்தது, கிட்டத்தட்ட நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். பக்கத்தில் நின்றால் நாமே கம்பீரமாக உணர்வோம். பெட்ரோல் கணக்கைக் கேட்டுவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிட்டேன். 2023இல் மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி வந்தபோது அதையும் ஓட்டிப் பார்த்தேன். இன்று புத்தியோடு வாங்க நினைப்பவர்களுக்கு அதுதான் வண்டி. அதே பரம்பரை, அதே மாதிரி சேசிஸ், அதே சின்ன லீவர், கூடவே ஏ.சி., ஏர்பேக், சொன்னபடி கேட்கும் ஸ்டீயரிங். ஆரம்ப விலையே அப்போது 12.74 லட்சம். ஆனால் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நல்ல வண்டி என்று மட்டும் தோன்றியது. ஜிப்ஸியை விட்டு இறங்கினால் கை வலிக்கும், காது இரையும், முட்டி ஈரமாக இருக்கும், மறுபடி சாவியைத் தேடுவேன். இதை எப்படி நியாயப்படுத்துவது என்று தெரியவில்லை, வீட்டில் நியாயப்படுத்தும் முயற்சியையும் கைவிட்டாயிற்று.

இவ்வளவையும் படித்துவிட்டு நாளைக் காலை வண்டி பார்க்கப் போகிறவர்கள் எப்படியும் போவீர்கள், நானும் அப்படித்தான் போனேன். தரையில் விரித்துப் படுக்க ஒரு பழைய போர்வை, ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அடியில் படுங்கள், பானெட்டை அப்புறம் பார்க்கலாம். ஓட்டிப் பார்க்கும்போது 70 வரை போய் ஸ்டீயரிங் உதறுகிறதா பாருங்கள், ஒரு மண்பாதையில் ஃபோர் லோ விழுகிறதா, விழுந்தபின் வெளியே வருகிறதா பாருங்கள், சில வண்டிகளில் விழும், வராது. இன்ஜின் நம்பரையும் சேசிஸ் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்காமல் பத்து ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மெக்கானிக் பஸ்ஸில் வருகிறார் என்றால் பஸ் வரும்வரை டீக்கடையில் உட்காருங்கள். திரும்பி வரும்போது காதில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு, இடது முட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் கவர்.